பட்டன் தட்டுகிறவன் எழுதுவது

மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியவர் தன் கட்சியை ஒளிவுமறைவில்லாமல் வைத்திருக்கிறார். அந்த மட்டில் நன்றி. எம்பிபிஎஸ் கிடைக்காத பிள்ளைகளின் கண்ணீரைத் துடைக்கக் கண்டுபிடித்ததுதான் லேப் டெக்னாலஜி, ரேடியோகிராஃபி, டயாலிசிஸ் வகையறா என்கிறார். எல்லாவற்றையும் மெஷின் செய்கிறபோது, பட்டன் தட்ட மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் எதற்கு, பிளஸ் டூ முடித்த பையனை ஆறு மாதம் பழக்கினால் போதாதா என்று கேட்கிறார். இருபத்திரண்டு வருடமாக நானும் பட்டன் தட்டுகிறவன்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

டெங்கு சீசனில் ஒரு ராத்திரி. வெளி லேப் ரிப்போர்ட்டோடு ஒரு குடும்பம் வந்தது. பத்து வயதுப் பையன், பிளேட்லெட் 14,000. மதுரைக்குக் கொண்டுபோக வேன் பிடித்தாயிற்று. அப்பா போனில் யாரிடமோ பணம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பையனோ பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கிறான். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் ரத்தம் இல்லை. எங்கள் மெஷினில் போட்டேன், அதுவும் 17,000 என்றது. மனசு ஒப்பவில்லை. ஸ்லைடில் ஒரு சொட்டு இழுத்து, சாயம் போட்டு, ஆயில் விட்டுப் பார்த்தால், ஸ்மியரின் வால் பக்கம் பிளேட்லெட்டுகள் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக் கிடக்கின்றன. ஊதா மூடி டியூபில் இருக்கும் இடிடிஏ சிலருடைய ரத்தத்தில் இந்த வேலையைச் செய்யும். மெஷின் துகளின் அளவை வைத்து எண்ணுகிறது. இருபது பிளேட்லெட் சேர்ந்த கொத்து அதன் கணக்கில் பிளேட்லெட்டாகவே வராது. நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கவைப்பதற்காக 1.1-ஆல் பெருக்கினேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. வேன் திரும்பிப் போனது. டிரைவர் பாதி வாடகையை விடவில்லை என்பது வேறு கதை.

அந்த வெளி லேப்காரரும் பட்டனைச் சரியாகத்தான் தட்டினார். அவர் மெஷினிலும் கோளாறில்லை. பட்டன் தட்ட ஆறு மாதம்கூட அதிகம், ஆறு நாள் போதும் என்று நானே எழுதித் தருகிறேன். திரையில் வந்த எண்ணைப் பார்த்து ‘இது பொய்’ என்று சொல்வதற்குத்தான் ரத்தவியலும் உயிர்வேதியியலும் வருடக்கணக்கில் ஓட்டவேண்டியிருக்கிறது.

ரத்த வங்கிக்கு வாருங்கள். ரத்த வகை பார்ப்பது ‘மூன்று சொட்டு விட்டு ஆட்டிப் பார்க்கும்’ வேலை என்று கிண்டல் செய்திருக்கிறார். 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே குரூப் அந்த மூன்று சொட்டில் அப்படியே ஓ குரூப்பாகத்தான் தெரியும். சீரத்தை எடுத்து, தெரிந்த ஓ செல்லோடு சேர்த்துப் பார்த்தால்தான் கட்டியாகி உண்மை வெளிவரும். அந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல், ‘ஓ-தானே’ என்று ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆளுக்கே ஆபத்து. ஆறு மாதப் பையன் தன் வாழ்நாளில் ஒரு பாம்பே குரூப்பைக்கூடப் பார்க்காமல் போகலாம். பார்க்கிற அன்றைக்கு?

டயாலிசிஸை ‘குழாய் மாட்டிவிடும் வேலை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நோயாளியின் ரத்தம் மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ஓட, அந்தப் பக்கம் ஓடுவது தண்ணீரில் கலந்த கரைசல். தண்ணீரில் குளோரமைன் மிஞ்சினால் சிவப்பணு உடையும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரத்தில், லாரியில் வந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்கு விட்டார்கள். நீலப்பச்சைப் பாசியின் நச்சு ஏறி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழாயை எல்லோரும் ஒழுங்காகத்தான் மாட்டியிருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையின் எம்ஆர்ஐ அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரோடு போன 32 வயது ஆள் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்துபோனார். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் விழித்துக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போட்டு அணைக்கிற பட்டன் அதற்குக் கிடையாது.

‘கடைசியில் டாக்டர்தானே கையெழுத்துப் போடுகிறார்’ என்பது இன்னொரு வாதம். கையெழுத்துப் போடுகிற டாக்டர் டியூபைக் கண்ணால் பார்ப்பதில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

2021-இல் வந்த தேசியச் சட்டத்தின் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம். ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒரு ஆணையத்தின் கீழ் கொண்டுவந்த சட்டம் அது. டெக்னீஷியன் நிலைக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், அதற்கு மேலான நிலைக்கு 3,600 மணி நேரம் படித்திருக்கவேண்டும் என்கிறது. ஞாயிறு தவிர ஒரு நாள்கூட லீவு விடாமல், தினம் எட்டு மணி நேரம் பழக்கினாலும் அவருடைய ஆறு மாதத்துக்குச் சுமார் 1,250 மணிதான் வரும். சட்டம் கேட்பதில் கீழ்ப்படியைக்கூட எட்டவில்லை. இதனால் கிராமத்து லேப்கள் மூடப்படும், ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்று உருகுகிறார். அந்த ராத்திரி வேன் வாடகைக்குக் கடன் கேட்டுக்கொண்டிருந்தவரும் ஏழைதான். தப்பான ரிப்போர்ட்டின் செலவு அதைக் கொடுத்தவன் தலையில் விழுவதில்லை. பணக்காரன் இன்னொரு இடத்தில் மறுபடி எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. இந்தப் படிப்பு முடித்தவர்களுக்குச் சம்பளம் கேவலமாக இருக்கிறது. நான் இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் ஃபீஸும் கட்டிக்கொண்டு நைட் டியூட்டியும் பார்த்தோம். ஆள் பற்றாக்குறைக்கு நாங்கள்தான் ஊறுகாய். மைக்ராஸ்கோப்பை மாணவன் தொட்டே பார்க்காத கல்லூரிகளும் இருக்கின்றன. இதையெல்லாம் அவர் எழுதியபோது கைதட்டத் தயாரானேன். அடுத்த வரியிலேயே, ‘ஆகவே படிப்பு வீண்’ என்று முடித்துவிட்டார். குறைந்த கூலி கொடுக்கும் முதலாளியை விட்டுவிட்டு, படித்தவனைப் பிடித்துக்கொள்கிறது இந்த ‘ஆகவே’. ஆறு மாதப் பையனைக் கேட்பதும் அதே முதலாளிதான், அவன் இன்னும் மலிவு.

இனி, கட்டுரையின் உச்சமாக அவர் வைத்திருக்கும் சொந்த அனுபவம். ஒரு முறை அவருக்குப் பொட்டாசியம் 6.2 வந்ததாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஈசிஜி எடுத்து, வீட்டையே கலங்கடித்துவிட்டார்களாம். மறுநாள் பார்த்தால் 4.3. ‘படித்தவர்கள் வைத்திருந்த லேபின் லட்சணம்’ என்று எழுதுகிறார். அதற்கு நாலு வரி முன்னால், கதைக்குச் சுவை கூட்ட, ரத்தம் எடுத்த காட்சியையும் விவரித்திருக்கிறார்: கையில் ரப்பரை இறுக்கிக் கட்டினான், விரலை மூடி மூடித் திற என்றான், நரம்பு கிடைக்காமல் தட்டினான், நடுவில் டியூப் தேடப் போய்விட்டான், நான் விரலை மூடித் திறந்துகொண்டே இருந்தேன் என்று.

ஐயா, உங்கள் பொட்டாசியம் ஏறியது அங்கேதான். கட்டின கையில் தசையை அப்படி வேலை வாங்கினால் தசைக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அந்த ரத்தத்தில் கலக்கும். ஊசியை இழுத்துப் பறித்துச் செல் உடைந்திருந்தால் இன்னும் கூடும். கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, விரலை மூடித் திறக்கச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலேயே திட்டித் திட்டி ஏற்றுகிற பாடம். உங்களுக்கு எடுத்தவன் யார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘புதிதாகச் சேர்ந்த பையன், பிளஸ் டூ முடித்தவன், நல்ல சுறுசுறுப்பு.’