நிற்கிற வண்டிக்கும் காப்பு வேணும்!

"மழைக்காலம் முடியுமட்டும் காரை எடுக்கப் போறதில்லே, இன்சூரன்ஸ் எதுக்கு தண்டம்?" என்று கேட்போர் பலர். நியாயமான கேள்விதான்! ஆனால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கியவை ஓடின வண்டிகள் மட்டுமா? வாசலில் சும்மா நின்றவையும்தானே!

மூன்றாம் நபர் காப்பு மட்டும் இருந்தால் இந்த நஷ்டத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த 'நோ கிளைம் போனஸ்' சலுகையும் அம்போ!

மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கு. ஓடும் கிலோமீட்டரைப் பொறுத்து சேதக் காப்பு பிரீமியம் கட்டும் முறைக்குக் காப்பீட்டு ஆணையம் 2022-ல் அனுமதி கொடுத்தது. புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்க.

வண்டியை நிறுத்தலாம், பாலிசியை நிறுத்தக் கூடாது!