மோட்டார் வண்டியின் புகை நாற்றம்

சேர்வராயன் மலையில் குப்பனூர்ப் பாதையாய்க் கொட்டச்சேட்டுக்கு ஏறிவரும் மோட்டார் வண்டியில் துர்நாற்றம் எழுந்தால், ஏற்றத்தின்மேல் பழி சுமத்தி வாசனைப் புட்டி தொங்கவிடுவோர் உண்டு. அது பரிகாரமன்று.

இறக்கத்தில் வரும் தீய்ந்த வாடை பெரும்பாலும் பிரேக்கினுடையது. தாழ்ந்த கியரில் இறங்கினால் குறையும். புகைக்குழாய் நாற்றம் வேறு. பெட்ரோல் வாடையே அடித்தால் எரிபொருள் முற்றும் எரியவில்லையென்று அறிதல் வேண்டும். காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்குகளையும் முதலிற் பார்ப்பது நலம். அழுகிய முட்டை நாற்றமோ, எரிபொருளிலுள்ள கந்தகத்தால் உண்டாகும் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயுவாகும். 2020 ஏப்ரல் முதல் பெட்ரோலில் கந்தகம் பத்து லக்ஷத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது. ஆதலின் அந்நாற்றம் நீடித்தால், பெட்ரோல் மிகுதியாய்ப் பாய்வதையோ காடலிடிக் கன்வர்ட்டரின் பழுதையோ ஐயுறல் தகும். சிலர் கன்வர்ட்டரையே அறுத்தெறிகின்றனர். சளிக்கு மூக்கை அறுப்பது போன்ற வைத்தியம் இது, சட்டவிரோதமுங்கூட.

நாற்றத்தினும் அஞ்சத்தக்கது, நாற்றமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு. அடிக்குழாயில் ஓட்டையிருந்தால் அது வண்டிக்குள் புகும். காப்பிப் பழமெடுக்கும் காலத்தில் குளிருக்குப் படுதாவை இறுக்கி ஆட்களை ஏற்றிச் செல்கையில், அவர்களுக்கு வரும் தலைநோவையும் மயக்கத்தையும் பனியின் குற்றமென்று எண்ணிவிட இடமுண்டு. புகைச் சான்றிதழ் இதற்குக் காப்பாகாது; அச்சோதனை குழாயின் நுனியை மட்டுமே பார்க்கிறது. பழமெடுப்பு தொடங்குமுன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, குழாயை இணைப்பு இணைப்பாய்ச் சோதிக்கும்படி தோட்டக்காரர்களை வற்புறுத்துவது கிராம உத்தியோகஸ்தர்களுக்கு உசிதமான காரியமாகும்.