மரத்துக்கு விலை உண்டு, மக்களுக்கு இல்லையோ?

1659ஆம் ஆண்டு நவம்பரிலே, புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டிக்கொள்ளும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை நாடிற்று. அக்கப்பலில் வந்து கண்டியரசனிடம் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று எழுதிய நூல் 1681இல் வெளியாயிற்று. நொக்ஸின் சிறைவாசத்தைப் பலர் அறிவர். அக்கப்பலை நம் குடாவுக்குக் கொண்டுவந்தது மரத்தேவையே என்பதைச் சிந்திப்போர் சிலரே.

பிற்காலத்திலே நம் ஊரின் பெயரே ஒரு மரத்தின் வணிகப் பெயராயிற்று. நாம் சாவண்டலை என்றும் சிங்கள மக்கள் ஹல்மில்ல என்றும் வழங்கும் மரத்தை ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தனர். படகுக்கும் பீப்பாவுக்கும் வண்டிக்கும் அது பேர்பெற்றது. முதிரையும் பாலையும் கருங்காலியும் அவ்வாறே உலகின் சந்தைக்குச் சென்றன. வளரும் பொருளாதாரம் எதுவாயினும் அதற்கு மரம் வேண்டும். அன்று கப்பலுக்கு வேண்டியிருந்தது. இன்று மாளிகைக்கும் விடுதிக்கும் தளபாடத்துக்கும் ஆலைக் கொதிகலனுக்கும் வேண்டியிருக்கிறது. அம்மரம் எவருடையது, அதன் பயனை எவர் துய்ப்பது, அதன் இழப்பை எவர் சுமப்பது என்பவையே நம்முன் நிற்கும் வினாக்கள்.

முதல் வினாவுக்கு அந்நிய ஆட்சி 1840இலேயே விடை எழுதிவிட்டது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியவை என அனுமானம் கொண்டது. நிரூபிக்க வேண்டியவன் குடியானவன். தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த பாட்டனிடம் உறுதி எங்கே இருந்தது? அளவைப் படம் எங்கே இருந்தது? அதன்பின் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதியின்றி அரச காட்டில் மரம் தறித்தலும் கொண்டுசெல்லலும் குற்றமாயின. காட்டைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அச்சட்டம் எவர்மீது பாய்கிறது என்பதே நம் கேள்வி.

1956ஆம் ஆண்டளவில் இலங்கையின் நிலப்பரப்பில் சுமார் 44 விழுக்காடு காடாக இருந்தது. 2010ஆம் ஆண்டுக் கணிப்பில் அது 29.7 விழுக்காடாகச் சுருங்கிற்று. இவ்வளவு பெருங்காட்டையும் ஏழையின் கைக்கோடரி தின்றுவிட்டதா? கந்தளாயிலும் அல்லையிலும் எழுந்த குடியேற்றத் திட்டங்களுக்கும், 1970களின் இறுதியில் முடுக்கிவிடப்பட்ட துரித மகாவலித் திட்டத்துக்கும் காடு வெட்டியது அரசே. 1968இல் அமைந்த அரச மரக் கூட்டுத்தாபனமும் நெடுங்காலம் இயற்கைக் காட்டு மரத்தையே விற்றது. திட்டமிட்டு வெட்டியதற்குப் பெயர் அபிவிருத்தி. கலப்பைக்கு ஒரு கொம்பு வெட்டியதற்குப் பெயர் களவு! இது நீதியாகுமா?

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவே. ஆனால் வெட்டுதல் நின்றதேயன்றி, வேண்டுதல் நிற்கவில்லை. அத்தேவையின் பெரும்பங்கு வீட்டுத் தோட்டங்களின் மீதும் இறப்பர்த் தோட்டங்களின் மீதும் இறக்குமதியின் மீதும் விழுந்தது. எஞ்சியது களவுச் சந்தை. சந்தையில் முதிரையின் விலை ஏறும்தோறும், காட்டோரத்து இளைஞனைக் கூலிக்கு அமர்த்தும் தரகனின் கை நீளும். பிடிபடுபவன் கூலியாள், பிடிபடாதவன் தரகன், பலகை வாங்கியவனை எவரும் வினவுவதேயில்லை. 2022இல் சமையல் வாயு கிடையாதபோது நகரத்தாரும் விறகடுப்பு மூட்டினர். விறகு ஏழையின் பழக்கம் என்று எள்ளியவர்கட்கு அது ஏழையின் அரண் என்பது அன்று புலப்பட்டது.

காடு அழிந்தால் முதலில் அழிபவன் கமக்காரனே. மேட்டு மண் அரிக்கப்பட்டுக் குளம் தூரும். வழி மறிக்கப்பட்ட யானை வயலுக்குள் இறங்கும். மூதூர் தொட்டு வெருகல் வரை வாழும் கரையோர வேடர்க்குத் தேனும் கிழங்கும் அருகும். ஆகவே, காட்டைக் காப்பதில் இம்மக்களினும் மிக்க அக்கறை உடையார் எவர்?

"மக்கள் கையில் விட்டால் காடு மிஞ்சாது" என்பர் சிலர். மக்கள் கையில் எப்போது விடப்பட்டது? 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்கப்படாத எஞ்சிய காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020இல் அது ரத்தாகி, பிரதேச செயலாளர் வசம் அதிகாரம் சென்றது. இரு முறையும் அதிகாரம் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கே போயிற்று. கிராமத்துக்கு வரவில்லை.

வழி இல்லாமலில்லை. அதே 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 'கிராமக் காடு' என்னும் ஏற்பாடு உண்டு. ஒரு கிராமத்தின் நன்மைக்கெனக் காட்டின் ஒரு பகுதியை ஒதுக்கலாம். எப்பாவல வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காக்கும் பொறுப்பாளி என்ற கோட்பாட்டை வலியுறுத்திற்று. இந்தியா 2006இல் வன உரிமைச் சட்டம் இயற்றி, காடுவாழ் மக்களின் உரிமையையும் கிராம சபையின் அதிகாரத்தையும் ஏற்றது. அங்கு இயலுவது இங்கு ஏன் இயலாது?

எனவே நாம் கோருபவை இவை. மூதூர், வெருகல், குச்சவெளிப் பகுதிகளில் கிராமக் காடுகள் பிரகடனப்படுத்தப்படல் வேண்டும். எல்லைக் கல் நாட்டுமுன் கிராமத்தவரைத் தமிழில் அழைத்து, அவர் ஆட்சேபத்தைத் தமிழில் கேட்டல் வேண்டும். விடுதி கட்டுவோரும் ஒப்பந்தகாரரும் தாம் வாங்கும் மரம் எங்கிருந்து வந்ததெனக் காட்டக் கடமைப்படல் வேண்டும். வேலியில் வளரும் சீமைக்கிளுவையை எரித்து இன்று மின்சாரம் எடுக்கிறார்கள். அதை வளர்க்கும் கமக்காரனுக்கு முன்கூட்டியே நிர்ணயித்த நியாய விலை கிடைத்தல் வேண்டும். காட்டு விறகு தோட்ட விறகெனக் கலந்து செல்லாதபடி கிராமச் சங்கமே கணக்கு வைத்தல் வேண்டும்.

கற்றறிந்தோர்க்கும் ஒரு சொல். புதுமனைக்கு முதிரைக் கதவு பேசுமுன், அம்மரத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். கமக்காரச் சங்கங்களுக்கு மனு வரைய நியாயவாதிகளும், எல்லை அளக்க நில அளவையாளரும் முன்வாருங்கள். மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்று வாளாவிருந்தால், மரமும் மிஞ்சாது, தண்ணீரும் மிஞ்சாது. காட்டுக்கும் குடிக்கும் ஒருங்கே உரிமை கேட்க இன்றே எழுவோமாக!