சிறு வண்டியின் ஆற்றல்

உள்ளது போதுமென்று அமைதல் இளமைக்கு இயல்பன்று. சிறியதைப் பெரிதாக்கவும் மெல்லச் செல்வதை விரையச் செய்யவும் அது என்றும் முயலும். அம்முயற்சி நன்றோ தீதோ என்று வாதிடுவது எம் நோக்கமன்று. பழைய சிறு மோட்டார் வண்டியொன்றுக்கு மிகுந்த ஆற்றல் ஊட்டப் புகுவார் எவ்வழியிற் செல்லல் வேண்டும், எவ்வெல்லையில் நிற்றல் வேண்டும் என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி இங்கிலாந்திற் பிறந்த 'மினி'. 1956-ஆம் ஆண்டிற் சூயெஸ் கால்வாய்ப் பூசலால் அந்நாட்டிற் பெட்ரோல் அருகியது. சிறிதளவு பெட்ரோலில் நால்வரைச் சுமந்து செல்லும் வண்டியொன்று வேண்டுமெனப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷன் விரும்ப, அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறிவல்லார் அதனை வகுத்தார். 1959 ஆகஸ்டில் அது வெளிவந்தது. பத்தடி நீளம், பத்தங்குலச் சக்கரங்கள், குறுக்காக வைத்த இயந்திரம், அதனடியில், அதே எண்ணெயிலேயே சுழலும் கியர்பெட்டி. இயந்திரத்தின் கொள்ளளவு 848 கன சென்டிமீட்டர். ஆற்றல் 34 குதிரைச் சக்தி. 2000-ஆம் ஆண்டு வரை ஐம்பது லட்சத்திற்கு மேற்பட்ட மினி வண்டிகள் செய்யப்பெற்றன. எஞ்சியவற்றை உடையோர் இன்றும் போற்றிக் காக்கின்றனர்.

இவ்வண்டிக்கு ஆற்றல் மிகுவிப்பது பற்றி இருவேறு கொள்கையினர் உளர். பழம்பொருளில் ஓர் ஆணியையும் மாற்றலாகாது என்பர் ஒரு சாரார். பழைய இயந்திரத்தைக் கழற்றி எறிந்து, ஹோண்டா போன்ற இக்காலத்து இயந்திரமொன்றைப் பொருத்துக என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல. வண்டியின் சொந்த இயந்திரத்தினின்றே ஆற்றலைப் பெறுதல் வேண்டும். அதுவும் வண்டியை நிறுத்தும் வலி எவ்வளவோ அவ்வளவே பெறுதல் வேண்டும். இதுவே எம் துணிபு.

இயந்திரம் ஆற்றல் பெறுவது எங்ஙனம்? விறகு நிறைய அடுக்கிய அடுப்பும் காற்றின்றேல் புகையுமேயன்றி எரியாது. இயந்திரமும் அத்தகையதே. பெட்ரோலை மட்டும் மிகுதியாக ஊற்றுவதாற் பயனில்லை. ஒவ்வொரு நிமிடத்தும் எவ்வளவு காற்று உட்புகுந்து பெட்ரோலுடன் கலந்து எரிகின்றதோ அவ்வளவே ஆற்றல். மினியின் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் உள. அவை மூச்சை உள்ளிழுக்கும் வாயில்களோ இரண்டே. புகையை வெளியேற்றும் வாயில்கள் மூன்று; அவற்றுள் நடுவிலுள்ளது இரு சிலிண்டர்களுக்குப் பொது. நான்கு குடும்பத்தார் இரண்டு வாயில்களின் வழியே புகுந்தால் நெருக்கடி நேராதோ? ஆகவே இவ்வியந்திரத்தின் குறை உடலிற் சிறுமையன்று, மூச்சில் முட்டுப்பாடே என்க.

இதனை நன்குணர்ந்தவர் ஜான் கூப்பர். அவருடைய பந்தய வண்டிகள் 1959, 1960 ஆகிய ஈராண்டும் உலகப் பார்முலா ஒன் பந்தயத்தில் வண்டி செய்வோர்க்குரிய முதன்மையைப் பெற்றவை. பொதுமக்களுக்கென ஆக்கிய வண்டியைப் பந்தய வண்டியாக்குவதற்கு இஸிகோனிஸ் முதலில் இசையவில்லை என்பர். எனினும் 1961-இல் 'மினி கூப்பர்' வெளிவந்தது. அதன் கொள்ளளவு 997 கன சென்டிமீட்டர். ஆற்றல் 55 குதிரைச் சக்தி. இவ்வெண்களைச் சற்றே ஒப்புநோக்குக. கொள்ளளவு மிகுந்தது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆற்றல் மிகுந்ததோ ஐந்தில் மூன்று பங்கு! எஞ்சிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைத்தனர்; வால்வுகளைப் பெரிதாக்கினர்; கலவையை முன்னினும் இறுக அமுக்கச் செய்தனர்; புகை தடையின்றி வெளியேற வழி கண்டனர். மூச்சுச் சீராகவே ஆற்றல் தானே பெருகிற்று.

இனி, இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. ஆற்றலை மிகுத்த அதே வண்டியின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்குகளையும் பொருத்தினர். 1963-இல் வந்த 'கூப்பர் எஸ்' 1071 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 70 குதிரைச் சக்தியும் உடையது; அதற்கென உறுதி மிக்க எஃகில் கிராங்க்ஷாப்ட் செய்தனர்; பிரேக் தட்டுகளையும் பெரிதாக்கி, மிதிப்பார்க்கு உதவும் கருவியொன்றும் சேர்த்தனர். 1964-இல் வந்த 1275 கன சென்டிமீட்டர் இயந்திரம் 76 குதிரைச் சக்தி தந்தது. இவ்வண்டிகளே 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் தம்மினும் பெரிய வண்டிகளை வென்று முதலிடம் பெற்றன. விரைந்தோடச் செய்தவர் நிற்கச் செய்வதை மறந்திலர் என்பதனை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்று வண்டிக்கு ஆற்றலூட்டுவார் பலர் இதனை மறக்கின்றனர். இரண்டு கார்புரேட்டர்களை வாங்கப் பொருள் செலவிடுவார், பிரேக்குக்குச் செலவிட மனங்கொள்ளார். மணிக்கு நாற்பது மைல் செல்லும் வண்டி அறுபது மைல் செல்லுமாயின், அதன் வேகம் ஒன்றரை மடங்கே மிகினும், நிறுத்துங்கால் பிரேக் தாங்க வேண்டிய சுமை இரண்டேகால் மடங்காகின்றது. முதன்முதல் வந்த மினியின் டிரம் பிரேக்குகள் 34 குதிரைச் சக்திக்கென அமைந்தவை. அவற்றின்மேல் எழுபதை ஏற்றித் தெருவில் விடுபவன் தன்னுயிரை மட்டுமோ பணயம் வைக்கின்றான்? தெருவைக் கடக்கும் சிறுவனின் உயிரையும் அவனைக் கேளாமலே பணயம் வைக்கின்றான். இது விளையாட்டன்று, பெரும் பிழை.

ஆதலின் செய்ய வேண்டுவனவற்றை முறைப்படுத்திக் கூறுவோம். முதலாவது, இயந்திரத்தின் நலம். அறுபதாண்டு உழைத்த இயந்திரத்தில் அந்த 34 குதிரைச் சக்தியும் எஞ்சியிருத்தல் அரிது. சிலிண்டர்களின் அமுக்கம், வால்வு இடைவெளி, தீப்பொறி எழும் காலம், நீர் குளிரும் ரேடியேட்டர் ஆகியவற்றைச் சீர்செய்க. இழந்ததை மீட்பதே முதல் ஊதியம். கியர்பெட்டியும் அதே எண்ணெயை நம்பியிருத்தலின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுக. இரண்டாவது, பிரேக். மூன்றாவதே மூச்சு: தடை குறைந்த காற்று வடிகட்டியும் புகைபோக்கியும் பொருத்தி, அவற்றிற்கேற்பக் கார்புரேட்டரின் ஊசியையும் மாற்றுக. ஊசியை மாற்றாவிடிற் கலவையிற் பெட்ரோல் குறைந்து வெப்பம் மிகுந்து வால்வு கரியும். நான்காவது, சிலிண்டர் ஹெட்டைத் திறந்து வழிகளைச் செப்பனிடுதல். ஈயங்கலந்த பெட்ரோல் மறைந்துவிட்டமையின் அப்பொழுதே கடினமான வால்வு இருக்கைகளையும் பொருத்துதல் நன்று. சிலிண்டரை அகலக் கடைவதும் பந்தயக் கேம்ஷாப்டு இடுவதும் இறுதியில் எண்ண வேண்டியவை. பந்தயக் கேம்ஷாப்டு உயர்வேகத்தில் ஆற்றல் தரும். கடைத்தெருவில் ஊர்ந்து செல்லுங்கால் திணறும்.

ஆணியையும் தொடலாகாது என்பார்க்கு நாம் கூறுவது இது: செய்தவரே மாற்றிச் சிறப்பித்த பொருளை, அவர் காட்டிய நெறியிலேயே மாற்றுதல் பழமைக்கு இழுக்காகாது. கழற்றிய உறுப்புகளைப் பேணி வைத்தால் வேண்டியபோது பழைய நிலைக்கும் மீளலாம். இயந்திரத்தையே எறிக என்பார்க்கோ ஒரு வினா விடுப்போம். புதிய இயந்திரம் மிக்க ஆற்றல் தரும் என்பது மெய்யே. ஆயினும் முன்பாகத்தை வெட்டி அதனைப் பொருத்திய பின் எஞ்சுவது மினியோ, மினியின் தோலோ?

அகல உழுவதினும் ஆழ உழுதல் நன்றென்பது நம் நாட்டு உழவர் கண்ட உண்மை. பழைய சிறு வண்டியை உடையோர், அயலானுடைய பெரிய நிலத்தை நோக்கி ஏங்காது, தம் சிறு நிலத்தையே ஆழ உழுவாராக. உழுமுன் பிரேக்கைச் சீர்செய்வாராக.