பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் பலம்

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களில் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள் இருந்தார்கள். வள்ளியூரில் இருந்த அந்தப் பள்ளிக்கு அவர் சில நாட்களாகப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் விசாரித்த பிறகுதான், சாதியை வைத்துத் தனக்கு நடந்த தொந்தரவுகளை எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிக் கொடுத்தது தெரிந்ததும் அரிவாள் வீடு தேடி வந்தது.

செய்திகள் அரிவாளைப் பற்றியே பேசின. பேசத்தான் வேண்டும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் யோசித்துப் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய நாட்களை. காசு பிடுங்கினார்கள், சிகரெட் வாங்கி வரச் சொல்லி ஏவினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. இந்த மாதிரிக் காரியங்கள் பூட்டிய அறைக்குள் நடப்பதில்லை. வகுப்பில், பேருந்தின் பின்சீட்டில், மைதானத்து ஓரத்தில், நாலு பேர் பார்க்கத்தான் நடக்கும். பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் மிரட்டுகிறவனுக்கு அதில் ருசி இல்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லின் ஹாக்கின்ஸ், டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற மூன்று கனடா நாட்டு ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பிள்ளைகளைக் கவனித்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டிய சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் கூடவே நின்றிருந்தார்கள். யாராவது குறுக்கே போய்த் தடுத்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படித் தடுத்தவற்றில் 57 சதவீதம் பத்தே நொடிக்குள் முடிந்துபோயின. அவர்கள் சின்னப் பிள்ளைகள். மீசை முளைக்கிற வயதில் இந்தக் கணக்கு மாறலாம். ஆனாலும் அந்தப் பத்து நொடி பெரிய நம்பிக்கையைத் தருகிறது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் பள்ளிகளுக்காக உருவாக்கிய ‘கீவா’ திட்டமும் இதே வழியில்தான் போகிறது. மிரட்டுகிறவனைத் திருத்துவதோடு நில்லாமல், சுற்றி நிற்கிற வகுப்பையும் அது பழக்குகிறது.

நாங்குநேரி எங்கோ தெற்கே இருக்கிறது, பழனிக்கு மேற்கே கரும்பும் வெல்லமும் தென்னையுமாக இருக்கிற நம் நெய்க்காரப்பட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பஸ் பாஸை வைத்துக்கொண்டு காலையில் பேருந்து ஏறுகிற எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையின் முதல் பாதி தெரியும். நிறத்தைச் சொல்லி ஒரு பட்டப்பெயர். திக்கிப் பேசுகிறவனைப் போலவே பேசிக் காட்டுவது. அப்பா செய்கிற வேலையை இழுப்பது. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஆள் சேர்ப்பது. பெண் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளை அடுக்குவது. கேட்டால், “சும்மா வெளாட்டுக்கு சார்” என்பார்கள். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும். ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் அது விளையாட்டு இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் பெர்விக் என்றொரு சின்ன ஊர். 2007-ல் அங்கே ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பையன் ரோஸ் நிறச் சட்டை போட்டு வந்தான். அதற்காக அவனைக் கேலி செய்து மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த டேவிட் ஷெப்பர்டுக்கும் டிராவிஸ் பிரைஸுக்கும் இது பொறுக்கவில்லை. மிரட்டியவர்களோடு அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. கடைக்குப் போனார்கள். மலிவு விலையில் ஐம்பது ரோஸ் சட்டைகளை வாங்கி, பள்ளி வாசலில் நின்று கொடுத்தார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே செய்தியும் அனுப்பியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ரோஸ் நிறத்தில் வந்து நின்றபோது, கேலி செய்தவர்கள் அந்தப் பள்ளியில் சிறுபான்மை ஆனார்கள். கனடாவில் இன்றும் பிப்ரவரி மாதத்தில் அதை நினைத்து ஒரு நாள் கடைப்பிடிக்கிறார்கள். நம் நாட்டிலிருந்தும் ஒரு பெயர் சொல்லலாம். குருகிராமைச் சேர்ந்த அனுஷ்கா ஜாலி, பெயர் சொல்லாமலே புகார் தருவதற்காக ‘கவச்’ என்ற செயலியைக் கொண்டுவந்தபோது அவருக்கு வயது 13.

பெர்விக் பையன்கள் செய்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் தனியாகப் போகவில்லை. நாங்குநேரியில் நடந்ததோ நேர்மாறு: பாதிக்கப்பட்டவரே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்காக அவர் வீட்டுக்கே ஆட்கள் வந்தார்கள். ‘தைரியமாகச் சொல்’ என்று ஒரு பிள்ளையைத் தூண்டிவிட்டு, சொன்ன பிறகு அவனைப் பேருந்து நிறுத்தத்தில் தனியே விடுவதுபோல் கொடுமை வேறில்லை. புகார் தலைமை ஆசிரியர் மேஜைக்கு வந்த நாளே பெற்றோரை அழைப்பதும், எழுதியவர் பெயர் வெளியே போகாமல் காப்பதும், அவர் வீடு சேரும் வரை பொறுப்பேற்பதும் பெரியவர்களின் கடமை. பிள்ளைகளின் பங்கு, அந்தத் தாளில் ஒரு கையெழுத்து பத்துக் கையெழுத்தாவதற்கு உதவுவது. பத்துப் பேரைத் தேடிப்போய் மிரட்டுவது லேசான காரியம் இல்லை.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறுகளுக்கும் மோதிரங்களுக்கும் பள்ளியில் தடை கேட்டது. பள்ளி நல அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. எல்லாச் சமூகப் பிள்ளைகளும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்றையும் பரிந்துரைத்தது. அந்த மூன்றாவது யோசனைதான் உயிரானது என்று தோன்றுகிறது. உத்தரவுகள் கயிற்றை அவிழ்க்கலாம். பக்கத்தில் போய் உட்கார்வதற்கு ஒரு சக மாணவர்தான் வேண்டும்.

வெட்டுப்பட்ட அந்த மாணவர் 2024 மே மாதம் வெளியான பிளஸ் டூ முடிவில் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினார். முதலமைச்சர் அவரை நேரில் அழைத்துப் பாராட்டினார். பாராட்டு நல்லதுதான். ஆனால் அந்தப் பரீட்சையை அவர் காயமில்லாமல் எழுதியிருக்க வேண்டும்.

எனவே தம்பிகளே, தங்கைகளே, அடுத்த முறை உங்கள் கண் முன்னால் இது நடந்தால், மிரட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மாட்டிக்கொண்டவனின் தோளைத் தொட்டு, “வாடா, போலாம்” என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் படத்துக்குச் சிரிக்காதீர்கள். அதை அழிப்பதற்கு முன் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிப் போடுங்கள். கேட்க ஆளில்லை என்றால் 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது.