கணினித் திரையும் கல்லாப்பெட்டிதான்!



நம் முன்னோர் காலத்துக் கடைகளில் கணக்குப்பிள்ளையின் சாய்மேசை மீது நாள்வழி, பேரேடு, கொள்முதல் சிட்டை என்று மூன்று நான்கு புத்தகங்கள் விரிந்து கிடக்கும். வெளியாள் ஒருவர் படியேறினால் கொள்முதல் சிட்டைதான் முதலில் மூடப்படும். அது தொழில் பழக்கம்.

இன்று அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே கணினிக்குள் போய்விட்டன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பில் போடும் புரோகிராம், வரித் தளம், வங்கிக் கணக்கு, ஆர்டர் வரும் வாட்ஸ்அப் என்று நான்கைந்து காலை முதல் இரவு வரை திறந்தே கிடக்கின்றன. மூடும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போய்விட்டது.

எங்கள் மண்டியிலேயே நடந்தது இது. லாரி வந்துவிட்டதென்று கணக்கு எழுதும் தம்பி எழுந்து போனார். துவரம் பருப்பின் கொள்முதல் விலை திரையில் அப்படியே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பழைய வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டார். லாரி வாடகை, ஏற்றுகூலி, கழிவு, கடன் வட்டி எதுவும் அந்த விலையில் சேரவில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அன்றைய வியாபாரம் போனது பெரிதல்ல. நம்பிக்கை குறைந்ததே பெரிது. தம்பியைக் குறை சொல்ல மாட்டோம். விண்டோஸ் பட்டனோடு ‘எல்’ எழுத்தை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும் என்பது முதலாளியான எங்களுக்கே அன்று தெரியாது. கடவுச்சொல் வைத்திருந்தால், அதைப் போடாமல் யாரும் திறக்க முடியாது.

அதன்பிறகு நாங்களே உட்கார்ந்து கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

‘ஆல்ட்’ பட்டனை அழுத்திப் பிடித்து ‘டேப்’ பட்டனைத் தட்டினால், திறந்திருப்பவை வரிசையாகத் தெரியும். வேண்டியதற்கு நொடியில் போகலாம். ஒவ்வொன்றாக மூடித் திறக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் பட்டனோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் ஒரு புரோகிராம் பாதித் திரையில் நிற்கும். வலது அம்புக்குறி இன்னொன்றை மறுபாதியில் நிறுத்தும். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதலே இந்த வசதி உண்டு. ஒருபுறம் வாட்ஸ்அப் ஆர்டர், மறுபுறம் பில். பார்த்தபடியே அடிப்பதால் 15 மூட்டை 50 மூட்டையாகாது.

2015-ல் வந்த விண்டோஸ் 10 முதல் ஒரே கணினியில் இரண்டு மேசைகள் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ், ‘கண்ட்ரோல்’, ‘டி’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய மேசை வரும். ‘டி’க்குப் பதில் அம்புக்குறியை அழுத்தி மாறிக்கொள்ளலாம். ஒன்றில் பில் மட்டும். மற்றொன்றில் வங்கியும் கொள்முதலும்.

கணினி நகராமல் நின்றால் உடனே புதிது வாங்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். ‘கண்ட்ரோல்’, ‘ஷிப்ட்’, ‘எஸ்கேப்’ மூன்றையும் அழுத்துங்கள். எந்த புரோகிராம் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று பட்டியல் வரும். நமக்குத் தெரிந்த, தேவையில்லாததை மட்டும் அங்கே நிறுத்தலாம். பெயர் தெரியாததைத் தொடாதீர்கள். பில் புரோகிராமை நிறுத்தினால் சேமிக்காத பதிவு போய்விடும், எச்சரிக்கை.

“இதெல்லாம் கம்ப்யூட்டர் பையன் வேலை, நம் வயதில் எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தபோது நம் தந்தையார்கள் அப்படிச் சொல்லி ஒதுங்கியிருந்தால் கடை நடந்திருக்குமா? பையன் இன்று இருப்பார், நாளை வேறு வேலைக்குப் போவார். கடை நம்முடையது.

கல்லாப்பெட்டியின் சாவியை நாம் யாரிடமும் விட்டு வைப்பதில்லை. கணினித் திரையும் கல்லாப்பெட்டிதான். அதைத் திறக்கவும் பூட்டவும் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.