ஆரவாரமும் மௌனமும்: அயல்நாட்டில் விளையாட்டு வீரரும் ஊரவர் தீர்ப்பும்

விளையாட்டு வீரன் ஒருவன் அயல்நாட்டில் வழக்கொன்றில் அகப்பட்டாலும், அன்றி அங்கு அவனுக்கே தீங்கு நேர்ந்தாலும், இலங்கைப் பொதுமக்கள் மூவகையாகப் பிரிந்துவிடுகின்றனர். நாட்டின் மானங் காக்கப் புறப்படுவோர் ஒரு சாரார். அவர்களுக்கு வீரன் எப்போதும் குற்றமற்றவன், குற்றஞ்சாட்டியவரே குற்றவாளி. மறுசாரார் செய்தி வந்த அன்றே தண்டனையை அறிவித்துவிடுவர். அவர்களுக்கு நீதிமன்றம் வெறுஞ்சடங்கு. மூன்றாவது சாரார் எதுவும் பேசாதோர். முதலிரு சாராரின் ஆரவாரம் எல்லோர் காதிலும் விழுகின்றது. மூன்றாமவரின் மௌனம் எவர் காதிலும் விழுவதில்லை. ஆனால் மன்னார்க் கரையிலிருந்து நோக்குவோர்க்கு, இம்மூன்றினுள்ளும் கொடியது அம்மௌனமே என்பது தெளிவாகும். இக்கூற்று மிகையன்று என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டை ஒப்புநோக்குவதால் அறியலாம்.

முதலாவது, சிட்னியில் நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டியின்போது, இலங்கைக் கிரிக்கெட் அணியுடன் சென்றிருந்த தனுஷ்க குணதிலக்க, பெண்ணொருவர் செய்த முறைப்பாட்டின் பேரில் நவம்பர் 6ஆம் திகதி கைது செய்யப்பட்டார். பாலியல் வன்செயல் தொடர்பாக அவர்மீது நான்கு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் உடனடியாக அவரை எல்லா வகைப் போட்டிகளிலிருந்தும் இடைநிறுத்தியது. 2023 மே மாதத்தில் அக்குற்றச்சாட்டுகளில் மூன்று கைவிடப்பட்டன. எஞ்சிய ஒன்று யூரர் இன்றி நீதிபதி ஒருவர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டு, 2023 செப்டெம்பர் 28ஆம் திகதி அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அடுத்த மாதமே அவர்மீதான தடையும் நீக்கப்பட்டது.

ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் நீடித்த அவ்வழக்கில் நீதிமன்றம் பேசியது இறுதியில். ஊர் பேசியதோ முதல் நாளிலேயே. அவ்வாறு பேசியோர் எதனை ஆதாரமாகக் கொண்டனர்? குணதிலக்க 2021ஆம் ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹம் நகரில், கொரோனாக் காலக் கட்டுப்பாட்டை மீறி இரவில் வெளியே சென்ற மூவருள் ஒருவர். அதற்காக ஓராண்டுச் சர்வதேசத் தடைக்கு ஆளாகி, 2022 ஜனவரியில் அத்தடை நீக்கப்பெற்றவர். 'அன்று விதியை மீறியவன் இன்று இதையும் செய்திருப்பான்' என்பதே அவர்களது தருக்கம். ஒழுங்கீனம் வேறு, குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு என்ற அடிப்படை வேறுபாட்டைக்கூட இத்தருக்கம் அறியாது. ஒழுங்கீனத்தை விசாரிப்பது சங்கத்தின் வேலை; அதற்கு ஒளிப்படமொன்றே போதிய சான்றாகலாம். குற்றத்தை நிறுவுவது வழக்குத் தொடுநரின் வேலை. நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அது நிறுவப்படல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்போர், இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்துள்ள குற்றமற்றவரெனும் ஊகத்தையே மறுப்பவராவர்.

இதனால் மானங் காக்கப் புறப்பட்டோரின் பக்கம் நியாயம் இருந்ததென எவரும் கொள்ளலாகாது. முறைப்பாடு செய்த பெண்ணை இழிவுபடுத்துவதே நாட்டுப்பற்று எனக் கருதியோர் அவருட் பலர். தீர்ப்பு வெளியான பின்னர் அவர்கள் வெற்றி விழாக் கொண்டாடினர். ஆயின் ஒருவர் விடுவிக்கப்படுதல், முறையிட்டவர் பொய்யர் என்பதற்குச் சான்றாகாது. குற்றம் சட்டம் வேண்டும் அளவுக்கு நிறுவப்படவில்லை என்பதே அதன் பொருள். விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளி என்பதும், முறையிட்டவரைச் சூழ்ச்சிக்காரி என்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்களாம்.

'எம்மவன் பொய் சொல்லான்' என்ற நம்பிக்கை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் போட்டியின்போது, அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லொக்டியும் உடன் சென்ற மூவரும் துப்பாக்கி முனையில் கொள்ளையிடப்பட்டதாகக் கூறப்பட்டது. உலகம் அதனை நம்பியது. ரியோ குற்றங்கள் மலிந்த நகரம் என்ற முற்கருத்து, அக்கதைக்குச் சான்று தேடும் தேவையையே இல்லாமற் செய்தது. பின்னர், எரிபொருள் நிலையமொன்றில் வீரர்கள் சேதம் விளைத்ததும், காவலர் ஆயுதங் காட்டி அவர்களைத் தடுத்துப் பணம் பெற்றதுமே அங்கு நடந்தவை எனப் பிரேசில் பொலிசார் கமராப் பதிவுகளைக் கொண்டு அறிவித்தனர். லொக்டி தாம் மிகைப்படுத்தியதை ஒப்புக்கொண்டார். பத்து மாதத் தடைக்கும் ஆளானார். பொய்முறைப்பாடு தொடர்பாக அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கோ பின்னர் தள்ளுபடியாயிற்று. பதக்கம் வாய்மைக்குச் சான்றிதழ் அன்று. ஏழை நகரத்தின் பொலிசார் சொல்வதெல்லாம் பொய்யும் அன்று. இவ்விரண்டையும் ரியோ ஒருங்கே உணர்த்தியது.

இனி இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருவோம். சிட்னிக் கைதுக்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், 2022 பெப்ரவரி இறுதியில், மாலைத்தீவின் தலைநகரான மாலேயில் இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட வீரர் டக்சன் பியூஸ்லஸ் உயிரிழந்த நிலையிற் காணப்பட்டார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர். அக்காலத்தில் மாலைத்தீவின் வலென்சியாக் கழகத்துக்காக ஆடிவந்தவர். அவர் தாமே உயிர் மாய்த்தார் என்ற கருத்தும், அதனை ஏற்க மறுத்த ஐயமும் ஒருங்கே எழுந்தன. அவ்வையம் மன்னாரின் வீதிகளிலும் தேவாலய முன்றல்களிலும் உதைபந்தாட்டத் திடல்களிலும் பேசப்பட்டது. ஆனால் நாடு அதனைப் பேசியதா? இரங்கற் செய்திகள் வெளிவந்தன; சில நாட்கள் சென்றன; பின்னர் மௌனம்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடுவது முறையன்று என்று சிலர் வாதிடுவர். ஒருவர் குற்றஞ் சாட்டப்பட்டவர். மற்றவர் உயிர் துறந்தவர். ஒருவரது வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது; மற்றவரது விடயத்தில் வழக்கே இல்லை. ஆகவே ஒன்றைப் பற்றி அதிகம் பேசப்பட்டதும், மற்றதைப் பற்றிக் குறைவாகப் பேசப்பட்டதும் இயல்பே என்பது அவர் கூற்று. இவ்வாதம் மேலோட்டமாக நோக்குமிடத்துப் பொருத்தமாகத் தோன்றலாம். ஆயினும் அது தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் வாதம். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது உண்மையைக் கண்டறியும் பொறுப்பை ஏற்க ஒரு நிறுவனம் உண்டு. அங்கு ஊர் பேசத் தேவையில்லை. வழக்கே இல்லாத மரணத்தில்தான், வினா எழுப்பும் பொறுப்பு பொதுமக்களைச் சார்கின்றது. பேசத் தேவையில்லாத இடத்தில் ஆரவாரித்து, பேசவேண்டிய இடத்தில் வாயடைத்துப் போன ஒரு சமூகம், தன் அக்கறை நீதியின்பாற்பட்டது எனக் கூறிக்கொள்ளல் எங்ஙனம் பொருந்தும்?

அவ்வக்கறை எதன்பாற்பட்டது என்பது வெளிப்படை. கிரிக்கெட்டுக்குப் பணமுண்டு, விளம்பரமுண்டு, தொலைக்காட்சியுண்டு. கிரிக்கெட் வீரனின் கைதுச் செய்தி விற்பனைக்குரிய பண்டம். பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் பந்துதைத்து வளரும் இளைஞனுக்கு அத்தகைய சந்தை இல்லை. உள்நாட்டில் உதைபந்தாட்டத்தாற் பிழைக்க வழியின்மையாலேயே அவன் கடல் கடக்கின்றான். தொழிலாளியாகச் செல்லும் அவனைத் தாய்நாடு வீரன் என்று மட்டுமே எண்ணுகின்றது. தொழிலாளிக்குரிய பாதுகாப்பை எண்ணுவதில்லை. ஆடும்போது தேசிய வீரன். அயல்நாட்டில் இறந்துபட்டபோது ஒரு மாவட்டத்தின் துயரம் மட்டுமே! இதனினும் கொடிய அநீதி வேறுண்டோ?

மன்னார்ச் சமூகமும் தன்னைத் தானே வினவிக்கொள்ளல் வேண்டும். ஐயம் கொள்வது உறவினரின் உரிமை. ஆனால் ஐயத்தையே தீர்ப்பாக்கி, ஊகத்துக்குப் பெயரும் முகமும் சூட்டிப் பரப்புவது அவ்வுரிமையுள் அடங்காது. ஆதாரமற்ற வதந்தி இறந்தவருக்கு நீதி தேடித் தராது. மாறாக, முறையான கோரிக்கையையே நகைப்புக்குரியதாக்கி, பொறுப்புடையோர் தப்பித்துக்கொள்ள வழியமைத்துவிடும். 'கொலை' எனக் கூச்சலிடுவோனுக்கு அதிகாரி 'சான்று எங்கே?' என ஒரு சொல்லில் விடையளித்துவிடலாம். 'பிரேத பரிசோதனை அறிக்கை எங்கே? அது ஏன் தரப்படவில்லை?' என்று கேட்போனுக்கு அவ்வாறு விடையளித்தல் இயலாது.

இதனை மன்னார் அறியாததன்று. 2018ஆம் ஆண்டு மன்னார் நகரின் சதொச வளாகத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தன என்ற காபன் காலக்கணிப்பு முடிவு 2019 மார்ச்சில் வெளியாயிற்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் பலர் அதனால் நிறைவடையவில்லை. மேலதிக ஆய்வுகள் வேண்டும் எனக் கோரினர். அவர்கள் கோரியது தமக்கு உவப்பான முடிவையன்று, மேலும் சான்றுகளையே. ஐயத்தைக் கைவிடாது, அதே வேளை ஐயத்தையே உண்மையென முடிவுகட்டாது, ஆய்வை வற்புறுத்தி நிற்கும் அந்நிலையே நீதி தேடுவோர்க்குரிய நிலை. அளவற்ற இழப்புகளின் நடுவில் மன்னார் கற்றுக்கொண்ட அப்பாடத்தை, ஒரு வீரனின் மரணத்தில் மறந்துவிடலாகாது.

இனி, வீரர்களை நெறிப்படுத்தவும் காக்கவும் கடமைப்பட்ட நிறுவனங்களின் நிலை யாது? 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அத்தடை ஆகஸ்டு இறுதியிலேயே நீங்கியது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தையும் இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. வீரர்க்கு ஒழுக்கம் போதிக்கும் இரு நிறுவனங்களும் ஒரே ஆண்டில் தாமே தண்டிக்கப்பட்டு நின்றன. இதனை விடப் பெரிய ஒழுங்கீனம் எந்த வீரனாலும் இழைக்கப்பட்டதில்லை. எனினும் ஊரின் கோபம் வீரன்மீதே பாய்கின்றது; நிர்வாகி அதற்கு அகப்படுவதில்லை.

2004ஆம் ஆண்டு செப்டெம்பரில், கைப்பந்தாட்ட அணி என்ற பெயரில் ஜேர்மனிக்குச் சென்ற இருபத்துமூவர் அங்கிருந்து மறைந்தனர். 2022ஆம் ஆண்டு பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின்போதும் இலங்கைக் குழுவினருட் பத்துப்பேர் மறைந்தனர். இவற்றை நாடு நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டது. முதலாவது திரைப்படமாகவும் உருப்பெற்றது. ஆனால் இந்நகைச்சுவையின் விலையைப் பின்னர் செலுத்துவோன், விசாவுக்காகத் தூதரக வாயிலில் ஐயக்கண்ணுடன் நோக்கப்படும் நேர்மையான இளைஞனே. ஒழுங்கீனத்தைக் கேலியாக்குவதும், குற்றச்சாட்டைத் தீர்ப்பாக்குவதும், மரணத்தை மௌனமாக்குவதும் ஒரே நோயின் வெவ்வேறு குறிகள். வீரனை மனிதனாகக் காணாது காட்சிப் பொருளாகக் காண்பதே அந்நோய்.

மருந்து அரியதன்று. வெளிநாட்டுக் கழகமொன்றில் ஆடச் செல்லும் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தப் பிரதியும் தேசியச் சம்மேளனத்திடமும், அவர் செல்லும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திடமும் பதிவு செய்யப்படல் வேண்டும். கைதாயினும் மரணமாயினும் தூதரகம் தாமதமின்றித் தலையிட வேண்டும். அதற்கு இடமளித்தே 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை, கைதானவர் வேண்டினால் அவரது கைதையும், அவ்வாறே மரணத்தையும் உரிய தூதரகத்துக்கு அறிவிக்குமாறு விதிக்கின்றது. மரணமாயின், பொலிசாரின் முடிவும் மருத்துவ அறிக்கையும் குடும்பத்தினர்க்கு அவர்தம் மொழியிலேயே கையளிக்கப்படல் வேண்டும். தமிழ் 1987ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் அரசகரும மொழி. மன்னாரிலுள்ள ஒரு தாய் தன் மகனின் மரணக் காரணத்தைப் பிறர் வாய்மொழியாற் கேட்டறியும் நிலை இருக்குமாயின், அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. குற்றச்சாட்டாயின், சம்மேளனம் இடைநிறுத்தலாம். ஆனால் அது முன்னெச்சரிக்கையேயன்றித் தண்டனையன்று என்பதை அவ்வறிவித்தலிலேயே கூறல் வேண்டும்.

சிலப்பதிகாரத்தைப் பயின்றோர்க்கு இவை புதிய செய்திகளல்ல. கோவலன் மதுரைக்கு அயலூரான். அங்கு அவனை அறிந்தவர் அரியர். பொற்கொல்லனின் சொல் ஒன்றே சான்றாயிற்று. ஆராயாத ஆணை அவன் உயிரைக் கவர்ந்தது. ஆனால் கண்ணகி அரசவையில் வென்றது அழுகையாலன்று. தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, தன் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்ற சான்றை உடைத்துக் காட்டியே அவள் வென்றாள். முத்துக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவின் கரையில் வாழ்வோர்க்கு அந்த வேறுபாடு விளங்காமற் போகாது.

ஆராயாது கொன்ற அரசனும், ஆராயாது தூற்றும் ஊரும், ஆராயாது மறந்துவிடும் நாடும் ஒரே குற்றத்துக்கு உரியோர். சிட்னியில் வீரனுக்கு வழக்கறிஞர் இருந்தார், நீதிபதி இருந்தார், தீர்ப்பும் கிடைத்தது. மாலேயில் இறந்தவருக்கு எஞ்சியிருப்பது கேள்வி கேட்கும் வாய் மட்டுமே. அவ்வாய் கூச்சலிடாது, வதந்தி பரப்பாது, ஆனால் விடை கிடைக்கும்வரை ஓயாது கேட்குமாயின், அது ஒரு வீரனுக்கு மட்டுமன்றி, நாளை கடல் கடக்கவிருக்கும் ஒவ்வோர் இளைஞனுக்கும் அரணாக அமையும். அக்கடமையைக் கற்றோர் ஏற்காவிடின், மற்றெவர் ஏற்பர்?